பிரேக் பிடித்த இடம்

அத்தியாயம் 5

எரிந்துபோன வயலில் கைக்குட்டையை விரித்து உட்காருகிறவள் உலகத்திலேயே என் அத்தை ஒருத்தியாகத்தான் இருப்பாள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரி. நடுவில் வெள்ளைக் கைக்குட்டை, அதன் மேல் அத்தை.

"டேய், நின்னுக்கிட்டே இருந்தா துப்பு கிடைக்காது. குனி."

"குனிஞ்சா முதுகு பிடிச்சுக்கும் அத்தை. அப்புறம் என்னைத் தூக்கிட்டுப் போக ஆள் தேடணும்."

"தூக்கறதுக்கு என்ன இருக்கு உன்கிட்ட? வாய் மட்டும்தான்."

தொழிலில் அவள் எனக்கு முதலாளி. வீட்டில் அப்பாவின் தங்கை. இன்சூரன்ஸ் ஆபீஸில் தீ விபத்துப் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போன பிறகு, வேலையை விட்டுவிட்டுத் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிக்கொண்டாள். என்னைச் சேர்த்துக்கொண்டது என் மூளைக்காக இல்லை. வெளியாள் என்றால் திட்ட முடியாதாம்.

வயலுக்கு மேலே மேடு, மேட்டின் மேல் தண்டவாளம். சரளைக்கல்லில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் ரயில் டிரைவர். இந்தத் தீயை வைத்தவர் என்று ஊரே சொல்லும் ஆசாமி. ஊர் சொன்னால் பரவாயில்லை, அவரே சொல்கிறார். அதுதான் எங்களுக்கு வந்த தலைவலி.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு மத்தியானம் இவர் ஓட்டிய கூட்ஸ் வண்டி இந்த வளைவைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் தண்டவாளத்து ஓரப் புல் பற்றிக்கொண்டது. காற்று வயல் பக்கம் அடித்தது. அறுப்புக்கு நின்ற மக்காச்சோளம் முழுவதும் சாம்பல். ரயில் பிரேக் பிடித்தால் சக்கரத்தை உரசும் இரும்புக் கட்டையிலிருந்து பொறி தெறிக்கும். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். "நான்தான் அங்க பிரேக் போட்டேன், என் தப்புதான்" என்று மேலதிகாரியிடம் இவரே போய் ஒத்துக்கொண்டுவிட்டார். நாளைக் காலை விசாரணை. அதையே அங்கேயும் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் வேலை போகும், பின்னாலேயே வழக்கும் வரும்.

எங்களை அமர்த்தியது அவர் மனைவி. "வருஷக்கணக்கா அதே இடத்துலதான் பிரேக் போடறார். இத்தனை கோடையில பத்தாத புல்லு இப்ப மட்டும் எப்படிங்க பத்தும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அத்தைக்கு நியாயமான கேள்விகள் என்றால் கொள்ளை ஆசை.

"ஏன் தம்பி," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள் அத்தை. "இங்க ஸ்டேஷன் இல்ல, சிக்னல் இல்ல, கேட் இல்ல. எதுக்கு பிரேக்?"

டிரைவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஒரு வெட்கம்.

"இது எங்க அக்கா வயல் மேடம். இந்த வளைவுல வண்டிய மெதுவாக்கி ரெண்டு ஹாரன் குடுப்பேன். அக்கா வயல்ல இருந்தா வந்து தொப்பியக் கழட்டி ஆட்டுவாங்க. நானும் கைய ஆட்டிட்டுப் போயிடுவேன். ரூல்படி தப்புதான்."

"அக்கான்னா அவ்வளவு பாசமா சார்?" என்றேன்.

"எங்க அம்மா போனப்புறம் என்னை வளர்த்ததே அவங்கதான். சின்ன வயசுல நான் அழுதா, இடுப்புல தூக்கிட்டு வந்து இதே இடத்துல ரயில் காட்டுவாங்களாம். எனக்கு எஞ்சின் பைத்தியம் பிடிக்க வெச்சதே அவங்கதான்."

"அதுக்காக வேலையக் குடுத்துட்டு நிக்கணுமா தம்பி? நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள் அத்தை.

"நான் மறைச்சிருந்தா அக்காவுக்கு நஷ்ட ஈடு கிடைச்சிருக்காது மேடம். ரயிலாலதான் தீன்னு நிரூபிச்சாத்தான் ரயில்வே குடுக்கும். பொறி பறந்ததுன்னு எந்த டிரைவரும் ஒத்துக்க மாட்டான், பாதிக்கப்பட்டவங்க வருஷக்கணக்கா அலையணும். என்னால எரிஞ்ச பயிருக்கு எங்க அக்கா அலையறதா?"

இப்படி ஒரு மனுஷன். நானாக இருந்தால் தீயணைப்பு வண்டியின் மீது பழியைப் போட்டிருப்பேன்.

கால் வலித்ததால் பக்கத்தில் இரண்டு கல்லை ஜோடியாக வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அதே மாதிரி ஜோடி ஜோடியாகக் கற்கள் வயல் ஓரமாக வரிசையாக இருந்தன.

"இது என்ன சார்? யாராவது ஊஞ்சல் கட்டறதா இருந்தாங்களா?"

"அக்காவோட தேனீப் பெட்டிங்க நின்ன இடம். ஊர்ல அவங்களுக்குத் தேனக்கான்னுதான் பேரு. தீ வந்தப்ப ஒவ்வொரு பெட்டியா அவங்களே தூக்கிட்டு ஓடியிருக்காங்க. பயிர் போச்சு, பெட்டிங்களாவது பிழைச்சுது."

அத்தை எழுந்து வந்தாள். கற்களைச் சுற்றி விரலால் சாம்பலைக் கிளறினாள். ஒரு கல்லைப் புரட்டினாள், அடுத்ததைப் புரட்டினாள்.

"என்ன தேடறீங்க அத்தை?"

"இல்லாததை."

"கிடைச்சுதா?"

"கிடைக்கல. அதான் கிடைச்சுது."

இப்படிப் பேசும்போது எனக்கு அவளைக் கிள்ள வேண்டும் போல இருக்கும். வயதில் பெரியவள் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

டிரைவர் போன் பேசத் தள்ளிப் போனதும் அத்தை கரிந்த தட்டைகளுக்கு நடுவே நுழைந்து ஒரு மக்காச்சோளக் கதிரை ஒடித்து எடுத்தாள். வெளித்தோல் கரி, உள்ளே பாதி வெந்தது. உரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மணி எங்கடா?"

"வாட்ச் கட்டல அத்தை."

"முட்டாள். சோள மணி எங்க?"

பார்த்தேன். வெறும் தண்டு. அங்கங்கே பொந்து.

"வெந்து பொரிஞ்சு ஓடியிருக்கும்."

"பொரிஞ்சா பொரி கிடக்கணும். கருகினா கருப்பா வரிசையா ஒட்டிட்டு இருக்கணும். தீ என்ன, தோலை உரிக்காம உள்ள கை விட்டு மணிய மட்டும் தின்னுட்டுப் போச்சா?"

இன்னும் நாலைந்து கதிரை உரித்தாள். எல்லாம் அதே கதி, அதே பொந்துகள். ஒன்றில் புழுவின் கூடு கூடக் கரிந்து ஒட்டியிருந்தது. எனக்கே புரிந்துவிட்டது. ரயில் வருவதற்கு முன்பே இந்த வயலைப் புழு தின்று முடித்திருக்கிறது. தீ எரித்தது வெறும் சக்கையை.

"புழு தின்னா யாரும் காசு தர மாட்டாங்க," என்றேன் மெதுவாக. "ரயில் எரிச்சா தருவாங்க."

"பரவாயில்ல, வாய்க்குப் பின்னாடி கொஞ்சம் மூளையும் இருக்கு. ஆனா இது காரணம்தான்டா, சாட்சி இல்ல. தம்பிகிட்ட இப்ப மூச்சு விடாத. வா, தேன் நக்கிட்டு வரலாம்."

*

தேனக்காவின் வீடு வயலுக்கு அப்பால், கால்வாயைத் தாண்டி இருந்தது. கால்வாய்க் கரையில் மரத்தடியில் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. வரிசை என்றால் ஏனோதானோ வரிசை இல்லை. நூல் பிடித்தது போல. ஒவ்வொரு பெட்டியும் மட்டம் பார்த்து வைத்த கல் மேல் இருந்தது. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கொத்துக் காய்ந்த புல் அழகாகச் செருகியிருந்தது. தேனீக்கள் அந்தப் புல்லை விலக்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தன. நான் அத்தைக்குப் பின்னால் பதுங்கினேன்.

"பயப்படாதீங்க தம்பி, சும்மா இருந்தா அதுங்களும் சும்மா இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே வந்தாள் தேனக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வலை தைத்த தொப்பி கையில். வந்ததும் எங்களோடு வந்த தன் தம்பியின் கன்னத்தைத் தடவினாள். "என்னடா இளைச்சுட்ட? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்கா."

"பொய். உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா எனக்கு?"

வீட்டுக்குள் பாதி இடம் தேனுக்குத்தான். ஜன்னலோரம் தேன் எடுக்கும் டிரம், மேஜையில் மெழுகுப் பாளங்கள், அலமாரி நிறைய பாட்டில்கள். தம்பிக்கு ரொட்டியும் தேனும் எடுத்து வைத்தாள். எங்களுக்கு டீ. அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் இவன் பேரைச் சொல்லவே இல்ல மேடம். மத்தியான வண்டியில பொறி பறந்துச்சுன்னுதான் ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். இவன்தான் நான்தான் நான்தான்னு போய் நின்னுட்டான்."

"நீ என்னக்கா பண்ணுவ? விடு," என்றார் டிரைவர், வாய் நிறைய ரொட்டியோடு.

அத்தை டீயை உறிஞ்சினாள். அவள் முகத்தில் ஒரு பரம அசட்டுத்தனம் வந்து உட்கார்ந்தது.  யாருக்காவது கண்ணி வைக்கும்போது மட்டும்தான் அந்த முகம் வரும்.

"ஏம்மா, உங்ககிட்ட ஒரு உதவி. இந்தத் தடியனுக்கு ஒரு தொழிலும் சரியா வரல. ஒரு தேனீப் பெட்டி வெச்சுக் குடுத்தா பிழைச்சுக்குவானான்னு பாக்கறேன். இன்னைக்கே ஒண்ணை எங்க கார்ல ஏத்திட்டுப் போயிடலாமா?"

"அத்தை!" என்று அலறினேன். நடிப்பு இல்லை.

தேனக்கா சிரித்தாள். "இப்பவா? பட்டப்பகல்லயா? அய்யோ மேடம், பகல்ல பெட்டியத் தொடவே கூடாது."

"ஏன்மா?"

"பாதி ஈ இப்ப வெளிய பூவுக்குப் போயிருக்கும். பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா அதுங்க திரும்பி வந்து பழைய இடத்துலதான் தேடும். ஈக்கு வீடு தெரியாது, இடம்தான் தெரியும். ரெண்டு அடி தள்ளி வெச்சாக்கூட பழைய கல்லு மேலயே வந்து குவிஞ்சு, அங்கயே சுத்திச் சுத்திச் செத்துப் போகும். பாக்கவே பாவமா இருக்கும்."

சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது. தொழில் தெரிந்தவர்கள் தொழிலைப் பற்றிப் பேசும்போது வருகிற பெருமை.

"அப்ப எப்பதான் எடுக்கணும்?"

"ராத்திரி. எல்லா ஈயும் உள்ள வந்து அடங்கினப்புறம் வாசலை அடைச்சு, ஆடாம அசையாம எடுக்கணும். புது இடத்துல வாசல்ல ஒரு கொத்துப் புல்லு செருகி விட்டுடணும். காலையில வெளிய வர்ற ஈ புல்லுல தடுக்கி நிக்கும். என்னடா இதுன்னு சுத்திப் பாத்துப் புது இடத்தை மனசுல வாங்கிக்கும். அப்புறம் ஒரு ஈ கூடச் சாகாது. இந்தப் பக்கத்துல பெட்டிய நகத்தி ஒரு ஈ கூட விடாதவ நான் ஒருத்திதான்னு சொல்லுவாங்க."

"பகல்ல அவசரமா நகத்தினா?"

"அப்படி ஒரு தப்பு நான் பண்ண மாட்டேன் மேடம். அது ஈயைக் கொல்றதுக்குச் சமம்."

அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா பண்ணீங்களேம்மா? மத்தியானம் தீ பிடிச்சப்ப ஒவ்வொரு பெட்டியாத் தூக்கிட்டு ஓடினதா உங்க தம்பி சொன்னாரே?"

தேனக்கா தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தாள். சுழற்றுவது நின்றது.

"அது... தீ வரும்போது அதெல்லாம் பாக்க முடியுமா?"

"முடியாதுதான். அப்படி எடுத்திருந்தா சாயங்காலம் திரும்பி வந்த ஈ எல்லாம் பழைய கல்லு மேல குவிஞ்சு செத்திருக்கணும். நீங்கதான் சொன்னீங்க. இப்பதான் அந்தக் கல்லை எல்லாம் புரட்டிப் பாத்துட்டு வர்றேன். ஒரு செத்த ஈ இல்ல." அத்தை ஜன்னல் வழியாகப் பெட்டிகளைக் காட்டினாள். "இங்க ஒவ்வொரு வாசல்லயும் புல்லு செருகியிருக்கு, மட்டம் பாத்துக் கல்லு வெச்சிருக்கு. இது தீயில தலைதெறிக்க ஓடினவங்க வெச்ச பெட்டி இல்லம்மா. முந்தின ராத்திரியே பொறுமையா, ஆசையா நகத்தின பெட்டி."

 எனக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"மேடம், என்ன பேசறீங்க?" டிரைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "எங்க அக்காவைப் பத்தி என்ன பேசறீங்கன்னு தெரியுதா? ஈ சாகலன்னா சாகல. அதை வெச்சு ஒரு பொம்பளைய..."

"உட்காருங்க தம்பி. அன்னைக்கு நீங்க ஹாரன் குடுத்தப்ப உங்க அக்கா வயல்ல நின்னாங்களா?"

"நின்னாங்க. தொப்பிய ஆட்டினாங்க. எப்பவும் போல."

"பின்னாடி பெட்டிங்க இருந்துச்சா?"

"இருந்திருக்கும். எப்பவும் அங்கதான..."

அவர் நிறுத்தினார். கண்ணை மூடினார். தினமும் ஒரே பாதையில் போகிறவர்களுக்கு அந்தப் பாதை மனசில் அப்படியே ஓடும் என்று அத்தை சொல்வாள். அவர் மூடிய கண்ணுக்குள் அந்த வளைவு வந்துகொண்டிருப்பதை என்னால் பார்க்க முடிந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் அத்தையைப் பார்க்கவில்லை.

"அக்கா. அன்னைக்கு உனக்குப் பின்னாடி வெறும் கல்லுதான் இருந்துச்சு."

"டேய்..."

"நான் உன்னைத்தான் பாத்தேன். வேற எதையும் பாக்கல. ஆனா இப்ப நினைச்சாத் தெரியுது. வெள்ளையா ஒண்ணுமே இல்லக்கா உன் பின்னாடி."

தேனக்கா மேஜை மேல் இருந்த ரொட்டித் தட்டை எடுத்தாள், மறுபடி அங்கேயே வைத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"புழு முழுசாத் தின்னுடுச்சுடா. ஒரு கதிர்ல ஒரு மணி இல்ல. புழு தின்னதுக்கு எவன் குடுப்பான்? வயலே கையை விட்டுப் போற நிலைமை. எனக்கு வேற வழி தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"உன்கிட்ட எத்தனை தடவைடா காசு கேக்கறது?"

"சரி, தீ வெச்ச. இந்தத் தண்டவாளத்துல நாள் முழுக்க வண்டி போகுது. ஏன் என் வண்டி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  மிகச் சின்னக் குரலில் சொன்னாள்.

"மத்தவனுங்க இல்லவே இல்லன்னு சாதிச்சுடுவானுங்க. நீ பொய் சொல்ல மாட்ட."

 எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறோம். பூட்டை உடைப்பவன், கள்ளக் கையெழுத்துப் போடுபவன், ஆளை மாற்றுபவன். கூடப் பிறந்தவனின் நேர்மையையே கள்ளச்சாவியாகப் போட்டுத் திருடியவளை அன்றுதான் பார்த்தேன். அவர் அதற்கும் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு சற்று முன் வரை ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"சின்னதா ஏதாவது தண்டனை குடுத்துட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்டா. சத்தியமா."

"வேலை போகும்னு தெரிஞ்சப்புறம்?"

தேனக்கா தொப்பியின் வலையை இழுத்து இழுத்து விட்டாள்.

"முந்தாநாள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடிச்சுட்டு அழுதியே. அது?"

"அது நிஜமாத்தான்டா அழுதேன்."

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. என்னைப் பாத்துத் தொப்பிய ஆட்டினியே, அப்ப இன்னொரு கையில தீப்பெட்டி இருந்துச்சா?"

"வேணாம்டா. அதெல்லாம் கேக்காத."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வண்டியோட கடைசிப் பெட்டி போற வரைக்கும் காத்திருந்து வெச்சியா?"

"உன் வண்டிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்டா காத்திருந்தேன்," என்றாள் தேனக்கா. அதை அவள் முழு மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தை என் முழங்கையைத் தொட்டாள். கிளம்பலாம் என்று அர்த்தம். நாங்கள் எழுந்தோம். தேனக்கா ஓடி வந்து தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாள்தான்டா. சொன்னதையே சொல்லிடு. வேலை போனா என்ன, நான் இல்லையா? இந்த வயல்ல பாதி உனக்கு. உன் பெண்டாட்டி பிள்ளைங்களையும் நானே பாத்துக்கறேன். உன்னை நான்தானடா வளர்த்தேன்? அக்காவுக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பொய் சொல்லுடா."

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். முரட்டுத்தனமாக இல்லை, குழந்தை பிடித்த பிடியை விடுவிப்பது போல மெதுவாக.

"அங்க பிரேக் போட்டேன், ஹாரன் குடுத்தேன், ரூலை மீறினேன். அதை நாளைக்குச் சொல்லுவேன். அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கறேன். உன் பின்னாடி பெட்டி இல்லாததையும் சொல்லுவேன்."

"டேய், என்னை ஜெயில்ல போட்டுடுவாங்கடா!"

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு நம்பித்தானக்கா இவ்வளவும் பண்ண?" என்றார் டிரைவர். "உன் நம்பிக்கைய நான் கெடுக்க மாட்டேன்."

வெளியே போய் எங்கள் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.